பதினொரு பெண்களுக்குப் பதினொரு சோப்பு

1

என் மகள் பஹ்ரைனில் பிறந்தவள் என்று இந்த நாட்டு அரசாங்கக் கணினி ஒன்று ஏழு மாதம் நம்பிக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையதுதான். அயர்லாந்துக்கு வந்த புதிதில், குழந்தைக்கு அடையாள எண் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் பேசிய பெண், குழந்தை எங்கே பிறந்தாள் என்று கேட்டாள். பிறப்புச் சான்றிதழில் மாலூர் என்று இருக்கிறது. அதைப் பார்த்துப் படித்திருந்தால் போதும். பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "இன் ட்ரெயின்." அவள் மறுபடியும் கேட்டாள். நான் இன்னும் அழுத்திச் சொன்னேன். அவள் நன்றி சொல்லிவிட்டு பஹ்ரைன் என்று எழுதிக்கொண்டாள்.

அதைத் திருத்தப் போனபோது, குழந்தை பஹ்ரைனில் பிறக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். ஓர் ஊரில் பிறக்கவில்லை என்று யாரிடம் போய் எழுதி வாங்குவது? கடைசியில் நேரில் போய் நின்றேன். நரைத்த தலை அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் ஆங்கிலத்தின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டதால், அவருடைய மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை என் கைப்பையை நகர்த்தி, ரயில் போவதைக் காட்டி, பாதி வழியில் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, முழுவதையும் சொல்லுங்கள் என்றார்.

அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன். மாயாவுக்கு இந்த வருடம் பதினாறு முடிந்தது. அதையொட்டி நடந்தவற்றை எழுதி வைக்காவிட்டால் எனக்கே நாளைக்கு நம்பிக்கை வராது.

2

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். நான் பிறந்தது சாம்பியன் ரீப்ஸில், மைன்ஸ் ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒன்றில். மைன்ஸை மூடிய பிறகு, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஊர் ரயிலில் ஏறிப் பெங்களூருக்குப் போக ஆரம்பித்தது. நானும் ஏறினேன். ஒரு கூரியர் கம்பெனியில் கணினியில் முகவரி அடிக்கும் வேலை. விடியற்காலையில் போய் இருட்டில் திரும்புகிற எங்களுக்கு, உண்மையில் வீடு என்று இருந்தது அந்தப் பெண்கள் பெட்டிதான். காய் நறுக்குவது, பூ கட்டுவது, சண்டை போடுவது, பெண் பார்ப்பது எல்லாம் அங்கே நடந்தது. தினமும் ஒரே மூலையில் உட்காருகிற பன்னிரண்டு பேர் நாங்கள்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம் முடிந்து சில நாட்கள்தான். பங்காரப்பேட்டை தாண்டியதும் இடுப்பில் ஒரு வலி வந்தது. உட்கார்ந்தே இருப்பதால் வருகிற வலி என்று நினைத்தேன். டேக்கல் ஸ்டேஷன் வருவதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. அங்கே வண்டி ஒரு நிமிடம்தான் நிற்கும். இறக்கினால் அந்த நேரத்தில் பாறைக் குன்றுகளைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது, மாலூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று முடிவு செய்தவர் ரஹ்மத் அக்கா. ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தவர். எத்தனையோ பிரசவத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறாரே தவிர, தனியாகப் பார்த்ததில்லை.

பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். பெண்கள் புடவை முந்தானைகளை இழுத்துப் பிடித்து என்னைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். நிர்மலா, வங்கியில் கிளார்க், கன்னடக்காரி, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ தேவர்நாமப் பாட்டு முணுமுணுத்தாள். ரஹ்மத் அக்கா, யாரிடமாவது சோப்பு இருக்கிறதா என்று கேட்டதும் நாலைந்து கைப்பைகள் திறந்தன. ஆபீஸ் குழாயடியில் சோப்பு இருக்காது என்பதால் எல்லோரிடமும் ஒரு சின்னக் கட்டி இருக்கும். தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்து முழங்கை வரை கழுவிக்கொண்டார். அந்த வாசனைகள் எல்லாம் ஒன்றாய்க் கலந்து வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை. மயங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது அழுகைச் சத்தம் கேட்டது. வண்டி மாலூரில் நின்றிருந்தது. கார்டு பச்சைக்கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றார். குழந்தை என்னிடம் இல்லை. எங்கள் மூலையில் ஜன்னலோரம் உட்காருகிற லீலா அக்கா அதைத் தன் ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்து, மேலே ஸ்வெட்டரை இழுத்துப் பொத்திக்கொண்டு, யாரையும் தொடவிடாமல் முன்னால் நடந்தாள்.

என்னைப் பிளாட்பாரத்துப் பெஞ்சில் படுக்க வைத்தபோது நான் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் பெட்டியிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி, இரண்டு பேர், ஐந்து பேர். சாப்பாட்டுக் கூடைகளோடு, கட்டி முடிக்காத பூவோடு. வண்டி ஊதிக் கிளம்பியது. பதினொரு பேரில் ஒருத்திகூடத் திரும்ப ஏறவில்லை. அத்தனை பேரும் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு அந்த ஆஸ்பத்திரி வாசலில் மாலைவரை உட்கார்ந்திருந்தார்கள்.

நான் சர்ச்சுகளைப் பார்த்திருக்கிறேன், பெரிய பௌத்த விகாரைகளைப் பார்த்திருக்கிறேன், இந்த ஊரில் கடல் வந்து பாறையில் மோதுவதைப் பார்க்கிறேன். எதுவும் அந்தப் பிளாட்பாரத்தில் நின்ற பதினொரு பேருக்கு முன்னால் பெரிதாகத் தெரிந்ததில்லை.

நாங்கள் பௌத்தக் குடும்பம். என் அப்பா மைன்ஸில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர்மேனாக இருந்தவர், அதிகம் பேசமாட்டார். குழந்தையைப் பார்க்க வந்தவர், புத்தரும் பிரயாணத்தில் பிறந்தவர்தானே என்று மட்டும் சொன்னார். புத்தரைப் பெற்றவளின் பெயரையே, மாயா என்று வைத்தோம்.

3

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பிரிவில் இருக்கிறேன். என் கணவர் ஓர் உணவுத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். மழை, பஸ், வேலை, மழை. மாயா இந்த ஊர்ப் பெண்ணாகவே வளர்ந்துவிட்டாள். தமிழ் புரியும். பேசும்போது பாதி வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். ரயில் கதையை ஒருமுறை அவள் பள்ளிக்கூட விழாவில் நான் சொல்லப்போக, வீட்டுக்கு வந்து, இனிமேல் யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாள். பத்து வயதிருக்கும். சரி என்றேன். அதற்குப் பிறகு வீட்டிலேயே அந்தப் பேச்சு இல்லாமல் போயிற்று.

போன குளிர்காலத்தில் எங்கள் தெருமுனைச் சமூகக் கூடத்தில் சோப்பு செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். வாரம் ஒருநாள், நாலு வாரம். பொழுது போகட்டும் என்று போனேன். நாள் முழுக்க மற்றவர்களுடைய அழுக்கைக் கழுவுகிறவளுக்கு இதைவிட வேறு பொழுதுபோக்கு கிடைக்கவில்லையா என்று கணவர் கேட்டார்.

எனக்கு அது பொழுதுபோக்காக நிற்கவில்லை. காஸ்டிக் சோடா தோலில் பட்டால் வெந்துவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் அதைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் அடுப்பில்லாமலே கொதிக்கும். அதைத் தேங்காய் எண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் ஊற்றிக் கலக்கினால் முதலில் கலங்கும், பிறகு மோர்க்குழம்பு போல இறுகும். அச்சில் ஊற்றித் துணி போர்த்தி வைத்தால் உள்ளுக்குள் தானே சூடாகி, மறுநாள் கட்டியாக நிற்கும். ஆறு வாரம் காற்றாட வைத்துவிட்டால் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டலாம். பொசுக்குகிற அந்தப் பொருள் எங்கே போயிற்று? சொல்லிக்கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். அது போய்விட்டது, இதில் இனி அது இல்லை என்றாள். நான் அந்தக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அப்போதுதான் முடிவு செய்தேன். சித்திரையில் ஊருக்குப் போகிறோம். மாயாவின் பதினாறாவது பிறந்தநாள் அங்கேதான் வருகிறது. அந்தப் பெண்களுக்கு என் கையால் சோப்பு செய்து கொண்டுபோக வேண்டும். அவரவர் தலையில் நான் பார்த்த பூவின் வாசனையில், அந்தப் பூவின் வடிவத்தில்.

முதல் முயற்சி நாசமாயிற்று. ரோஜா எண்ணெயை ஊற்றிய அடுத்த நொடி கலவை கரண்டியோடு சேர்ந்து இறுகி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழவில்லை. இரண்டாவது தடவை உலர்ந்த ரோஜா இதழ்களைத் தூவினேன். மறுநாள் அவை மூக்குப்பொடி நிறத்தில் இருந்தன. மல்லிகை எண்ணெய் வெள்ளைச் சோப்பைப் பழுப்பாக்கியது. சமையலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மாயா தண்ணீர் குடிக்க வந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். நான் எழுதி வைத்திருந்த அளவுகளைப் பார்த்தாள். அவளுக்கு வேதியியல் பிடிக்கும். பூ வாசனை எண்ணெய்கள் கலவையை அவசரப்படுத்தும், அதனால் எல்லாம் நன்றாக ஆறியிருக்க வேண்டும், எண்ணெயைக் கடைசியில் விட்டுக் கையால் மட்டும் கலக்க வேண்டும் என்று படித்துச் சொன்னாள். பிறகு, நகரு என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தோம். நான் கட்டி வார்த்தேன். கேக் மேல் கிரீம் பிழிவதுபோல, கூம்புப் பையில் நிறமேற்றிய கலவையை நிரப்பி அவள் இதழ் இதழாகப் பிழிந்தாள். ரஹ்மத் அக்காவுக்கு ரோஜா. நிர்மலாவுக்குச் செண்பகம். ஒவ்வொரு பூவுக்கும் அது யாருடையது என்று கேட்டாள். நான் சொன்னேன். ஆறு வருடமாகச் சொல்லாதிருந்த கதை அப்படித்தான் மறுபடியும் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

4

பத்துப் பூக்கள் தட்டில் வரிசையாக இருந்தன. நான் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தேன். மாயா எண்ணிப் பார்த்தாள்.

"அம்மா, நீ லெவன் பேர்னுதானே சொன்னே. இது டென்தான் இருக்கு."

நான் குழாயை மூடவில்லை. அவளே கை நீட்டி மூடினாள்.

லீலா அக்காவைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் முழுதாகச் சொன்னேன். ஒரு கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள். மாரிக்குப்பத்தில் வீடு. மூன்று பையன்களை வளர்த்தவள், இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற குறை எதுவும் இல்லாதவள். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, மாயாவைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டுத் தூங்க வைத்துவிட்டுத்தான் போவாள். நாலு வருடம். மாயா முதலில் "அக்கா" என்று கூப்பிட்டது அவளைத்தான்.

விசா சட்டென்று வந்தது. பத்து நாளில் கிளம்ப வேண்டும். ரயில் பெட்டியில் மற்ற எல்லோரிடமும் ஒவ்வொருவராகச் சொன்னேன், லீலா அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் கேட்டுக்கொண்டேன். ஆனால் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் அழுதால் நான் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். கடைசி ஞாயிறும் வந்தாள், குளிப்பாட்டினாள், போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினோம். புதன்கிழமை ரயிலில் யார் வாயிலிருந்தோ கேள்விப்பட்டிருக்கிறாள். பிறகு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. பெண்கள் வாட்ஸப் குழு ஆரம்பித்தபோது அவளைச் சேர்த்தார்கள். நான் வணக்கம் போட்ட நாளில் வெளியேறிவிட்டாள். பன்னிரண்டு வருடம்.

"அதனால அவங்களுக்குக் கிடையாதா?" என்று கேட்டாள் மாயா.

வாங்கமாட்டாள் என்றேன். அது வேற விஷயம் என்றாள்.

லீலா அக்கா பூ வைத்தால் அதில் மரிக்கொழுந்து இருக்கும். அந்த வாசனைக்கு இந்த நாட்டில் எங்கே போவது என்று தேடினோம். சுகந்த எண்ணெய் விற்கும் ஒரு கடையில், மரிக்கொழுந்தின் இன்னொரு பெயரான தவனம் என்று எழுதிய ஒரு சின்னப் புட்டி இருந்தது. அடியில் கர்நாடகத்தில் வடித்தது என்று எழுதியிருந்தது. மூடியைத் திறந்தேன். கடைக்கு நடுவில், மழைக்கோட்டோடு, எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை பூக்கடை வரிசையில் நின்றிருந்தேன். அவ்வளவு தூரம் கடல் தாண்டி அது எனக்கு முன்பே வந்து ஓர் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. மாயா புட்டியை வாங்கி முகர்ந்தாள். அவள் முகத்தில் என்னவோ ஓடியது. "ஐ நோ திஸ்" என்றாள். எங்கிருந்து என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு வயதுக்குப் பிறகு அவள் அந்த வாசனையை முகர்ந்ததே இல்லை.

பதினொன்றாவது சோப்பில் என்னைக் கை வைக்க விடவில்லை. கரைப்பதிலிருந்து அவளே செய்தாள். மரிக்கொழுந்துக்குப் பூ என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, இலைதான். சாம்பல் பூத்த பச்சையில் ஒவ்வோர் இலையாகப் பிழிந்து ஒரு கொத்தை நிறுத்தினாள். கழுத்து வலிக்க மூன்று மணி நேரம் குனிந்திருந்தாள்.

5

விமான நிலையத்தில் பையை நிறுத்திவிட்டார்கள். திரையில் பதினொரு கனத்த கட்டிகள் வரிசையாகத் தெரிந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஓர் அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, இவை என்ன, யார் செய்தது, எதற்கு என்று கேட்டார். சோப்பு என்றேன். பரிசு என்றேன். யாருக்கு என்றார். அதற்கு மேல் என் நாக்கு பழையபடி ஒட்டிக்கொண்டது.

மாயா முன்னால் வந்தாள். நான் ரயிலில் பிறந்தேன், எனக்காகப் பதினொரு பெண்கள் ரயிலை விட்டு இறங்கினார்கள், இது அவர்களுக்கு என்று தெளிவாகச் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட பெண் அவள்.

அதிகாரி ஒரு சோப்பின் காகிதத்தை மட்டும் பிரித்துப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு இதழ் ஒன்றும் உடையாமல் அவரே பழையபடி சுற்றி வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாயா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ரொம்ப நாளாயிற்று அவள் என் கையைப் பிடித்து.

6

பிறந்தநாளன்று அதே காலை ரயிலில் போவது என்று ரஹ்மத் அக்கா ஏற்பாடு செய்திருந்தார். இப்போது வேலைக்குப் போகிறவர்கள் நாலு பேர்தான். மற்றவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஒருத்தி ஓசூரில் மகனோடு இருக்கிறாள், அவளுடைய சம்பங்கியைக் கொடுத்தனுப்ப வேண்டும். லீலா அக்காவைப் பற்றிக் கேட்டேன். ரிட்டையர் ஆகி ஒரு வருஷமாச்சு, வண்டி பக்கமே வர்றதில்ல, சொல்லியனுப்பினேன், பதில் இல்ல என்றார் ரஹ்மத் அக்கா.

சாம்பியன் ஸ்டேஷனில் மாயாவோடு சேர்த்து நாங்கள் எட்டுப் பேர் நின்றோம்; இன்னும் மூன்று பேர் அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறுவதாக ஏற்பாடு. விடிந்துகொண்டிருந்தது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டின் உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. மாயா அதை மலை என்று நினைத்துக்கொண்டாள். அந்த மண் முழுதும் அவள் தாத்தாவைப் போன்றவர்கள் அடியிலிருந்து கொண்டுவந்தது என்று சொன்னதும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வண்டி மாரிக்குப்பத்திலிருந்து வந்து நின்றது. பெண்கள் பெட்டியில் ஏறினோம். எங்கள் மூலையில், ஜன்னலோரமாக, லீலா அக்கா உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. எதிர் இருக்கையில் இரண்டு பேருக்கு இடம் விட்டுக் கைக்குட்டை விரித்து வைத்திருந்தாள்.

நான் போய் அவள் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பன்னிரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

"நிக்கிறியே இன்னாத்துக்கு? குந்து," என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஊரிகம் போயிற்று, கோரமண்டல் போயிற்று. பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "நீ சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன். அழுதுட்டு நானே வண்டி ஏத்தி வுட்டிருப்பேன். அது உனக்குத் தெரியல."

"தெரியலக்கா," என்றேன்.



பங்காரப்பேட்டையில் கூட்டம் ஏறி அடங்கியதும் மாயா சோப்புகளை எடுத்துக் கொடுத்தாள். யாருக்கு எது என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ரஹ்மத் அக்கா ரோஜாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இத்த தேச்சு கரைக்கறதுக்கு மனசு வருமா என்றார். நிர்மலா முகர்ந்துவிட்டு மாயாவின் கன்னத்தை வழித்து, "நம்ம மகு," நம் குழந்தை, என்று எல்லோரிடமும் காட்டினாள். கடைசியாக மாயா மரிக்கொழுந்தை லீலா அக்காவிடம் நீட்டினாள். லீலா அக்கா வாங்கிக்கொண்டாள். காகிதத்தைப் பிரித்தாள். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். முகம் தெரியவில்லை. பிறகு அதைச் சுற்றி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

டேக்கலில் வண்டி நின்று புறப்பட்டது. இரண்டு பக்கமும் பெரிய பெரிய பாறைக் குன்றுகள். மாயா மெதுவாகக் கேட்டாள்: "எந்த இடம்?"

நான் ஏதோ சொல்லப் போனேன். லீலா அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். மாயாவை எழுப்பித் தன் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்துக்கொண்டாள்.

"உங்கம்மாளுக்குத் தெரியாது. அவ மயங்கிக் கெடந்தா. நீ பொறந்ததும் அழுவல. மூச்சே இல்ல. நீலமா இருந்தே. ரஹ்மத்து ஊதறா, தேய்க்கறா, ஒண்ணும் இல்ல. நான் ஜன்னல் பக்கம் நின்னுக்கினு இருந்தேன். ஒரு ஏரிக்கரை வந்தது பார்த்தேன். பெட்டியில ஒரு சத்தம் இல்ல. யாரும் மூச்சு வுடல. அப்பறம் ஒரு ரயில்வே கேட்டு வந்தது. அங்கதான் நீ கத்துனே."

நான் ரஹ்மத் அக்காவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதினாறு வருடமாக அந்தப் பெட்டியில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, என்னிடம் ஒருத்தியும் சொன்னதில்லை.

"இதோ ஏரி," என்றாள் லீலா அக்கா.

மாயா நிமிர்ந்தாள். ஏரியில் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. கரையில் மாடுகள் நின்றன. யாரும் பேசவில்லை. பெட்டியில் புதிதாக ஏறியவர்கள்கூட, எதற்கென்று தெரியாமலே, பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மாயாவின் உதடுகள் இறுக மூடியிருந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. கரை முடிந்து தென்னந்தோப்பு வந்தது. தோப்பு முடிந்து கேழ்வரகு வயல் வந்தது. அது போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு தூரமா? மாயாவின் முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி நின்றது. லீலா அக்கா அவள் முதுகில் கையை விரித்து வைத்திருந்தாள்.

மூடிய ரயில்வே கேட் ஒன்று கடந்தது. அதற்குப் பின்னால் ஒரு டிராக்டரும் இரண்டு பைக்குகளும் காத்திருந்தன.

"வுடு கண்ணு," என்றாள் லீலா அக்கா.

மாயா மூச்சு விட்டாள்.